ரொப்பின மண்

காய்ந்த மண்ணை இரும்புத் தகடு சுரண்டும் சத்தம் ஒன்று இருக்கிறது. கொத்தனார் சாந்து பூசும்போது கரணையிலிருந்து வருகிற சத்தம் அல்ல. அதில் கொஞ்சம் ஈரம் இருக்கும். இது வறட்டுச் சத்தம், 'சர்க், சர்க்' என்று ஒரே அளவில், எந்த அவசரமும் இல்லாமல், கேட்பவர் பல்லைக் கூசவைக்கும். சென்ற ஆண்டு ஒரு பல் மருத்துவர் என் கடைவாய்ப் பல்லின் சொத்தையை, நுனியில் குட்டிக் கரண்டி வைத்த கம்பியால் வழித்து எடுத்தபோது அதே சத்தம் என் மண்டைக்குள்ளிருந்து கேட்டது. அந்தக் கம்பியைக் கேட்டு உதவியாளரிடம் அவர் கையை நீட்டியபோது சொன்ன சொல் "எக்ஸ்கவேட்டர்". வாயைத் திறந்தபடி படுத்திருந்த நான் சடக்கென்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நான் பயந்துவிட்டதாக மருத்துவர் நினைத்துக்கொண்டார். கம்பிக்கெல்லாம் பயப்படுகிறவள் இல்லை நான். அந்தச் சொல்லை முதன்முதலில் கேட்டபோது அது கருவியின் பெயராக இல்லை, ஒரு மனிதர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட சொல்லாக இருந்தது. அந்த மனிதரை எங்கள் தெருவில் ஒருவர்கூட நம்பவில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில், வரதர் கோயில் மதில் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எங்கள் தெரு. வீட்டுக்கு ஒரு தறியாவது ஓடும். தெருக்கோடியில் 'மேடு' என்று நாங்கள் சொல்லும் வெற்றிடம் ஒன்று இருந்தது. தெருவில் இடம் போதாதவர்கள் விடியற்காலையில் அங்கேதான் பாவு நீட்டுவார்கள். ஒரு முளையிலிருந்து மறு முளைக்குப் பட்டு நூலை விறைப்பாக இழுத்துக் கட்டி, அக்கம்பக்கத்தார் பக்கத்துக்கு ஒருவராக நின்று அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். மற்ற நேரத்தில் மேடு ஆடுகளுக்கும் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கும் சொந்தம். அறுபதுகள் முடிகிற சமயம். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். தை மாதத்தில் ஒருநாள் அந்த மேட்டில் ஒரு ஜீப் வந்து நின்றது. கூடாரம் அடித்தார்கள். தலையில் தொப்பி வைத்த ஒருவர் இறங்கி, கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மண்ணைப் பார்த்தார். ஆளைப் பார்க்காமல் மண்ணைப் பார்க்கிற அதிகாரியை அதுவரை நாங்கள் கண்டதில்லை. சந்தேகம் அங்கேயே தொடங்கிவிட்டது.

அவர்கள் செய்த முதல் வேலை முளை அடித்ததுதான். சம இடைவெளி விட்டு முளைகள் அடித்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வெள்ளைக் கயிற்றை இழுத்துக் கட்டி, விறைப்பாக இருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்தார்கள். எங்கள் தெரு மொத்தமும் நின்று அதை வேடிக்கை பார்த்தது. முளை அடித்து நூல் கட்டுகிற வேலையில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது எங்கள் தெருவின் எண்ணம். "பாவு கணக்கா கட்டிட்டான். ஆனா முடிச்சு போடத் தெரியல. அடுத்தது குழி வெட்டுவான் பாரு" என்றார் என் அப்பா. மறுநாளே, கயிற்றுக்குள் அடங்கிய சதுரங்களில் வரிசையாகக் குழி வெட்டத் தொடங்கினார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? எங்கள் ஊர்த் தறி குழித்தறி. நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மிதிக்க வேண்டும். நூலும் குழியும் ஓரிடத்தில் இருந்தால் அது தறி என்றுதான் எங்களால் நினைக்க முடியும். "கவுர்மெண்டே தறி போடப் போவுது. வெளியூரு ஆளுங்கள இட்டாந்து ஒக்கார வெச்சிட்டு நம்ம கூலியக் கொறைக்கப் போறான்" என்று அப்பா தீர்த்துச் சொன்னார். காப்பிக்கடையில் அது விசைத்தறி ஆனது. சாயங்காலத்துக்குள் எந்த ஊர் ஆட்கள் வரப்போகிறார்கள் என்பது வரை முடிவாகிவிட்டது.

நேரே போய்க் கேட்டுவிடலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. "கேட்டா மட்டும் நிஜத்தையா சொல்லப்போறான்?" என்பதுதான் எல்லார் நியாயமும். எங்கள் தெருவின் மிகப் பெரிய கெட்டிக்காரத்தனம் அது. அதில் பாதி எனக்கும் வந்திருக்கிறது. இன்றைக்கும் கடைக்காரர் தானாக விலையைக் குறைத்தால் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

ஆனால் குழிகள் இடுப்பளவோடு நிற்கவில்லை. நெஞ்சளவு போயின, சில கழுத்தளவும் போயின. எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இவ்ளோ ஆழத்துல தறி போட்டா மிதிக்க எவனுக்குப்பா காலு எட்டும்? எந்த ஊரு ஆளுங்கள இட்டார்றான் இவன்?" என்று கேட்டார். தறிக் கதை அன்றோடு செத்தது. சந்தேகம் சாகவில்லை, அதற்கு வேறு காரணம் தேட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். காரணத்துக்கா பஞ்சம்? பள்ளத்தில் உடைந்த சட்டி ஓடு கிடைத்தால் பிரஷ்ஷால் துடைத்து, பஞ்சு வைத்து, துணிப்பையில் போட்டுக் கட்டினார்கள். "முழுச் சட்டி விக்கிறவன நம்பலாம். ஓட்டாஞ்சல்லியத் துணியில சுத்தி வெக்கிறவன எப்பிடிமா நம்புறது?" என்று என் அம்மா கேட்டாள். அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் ஒருநாள் நானே போய்த் தொப்பிக்காரரைக் கேட்டேன். பயமில்லாமல் கேட்டேன் என்று பெருமைக்காகச் சொல்லவில்லை; மற்றவர்கள் கேட்காததால் கேட்டேன். "நீங்க யாரு?" அவர் பள்ளத்தின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து கரணையால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "நான் எக்ஸ்கவேட்டர்மா" என்றார். அது அவர் பெயர் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "தோண்டுறவன்னு அர்த்தம். ஒவ்வொரு அடுக்கா எடுத்துப் பார்க்கிறவன். மேல இருக்கிறதை எடுத்தாத்தான் கீழ இருக்கிறது தெரியும்" என்றார். "எடுத்தத திரும்ப வெச்சிடுவீங்களா?" என்று கேட்டேன். அவர் கரணையை நிறுத்திவிட்டு, "அது மட்டும் முடியாதும்மா" என்றார். தோண்டுகிறவருக்கு இவ்வளவு பெரிய பெயர் எதற்கு என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கன்னியம்மா அத்தை மட்டும் நூல் சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "மேல இருக்குறத எடுத்துடுவானாமா?" என்று கேட்டாள்.

கன்னியம்மா அத்தை என் அப்பாவின் அக்கா. நான் பிறப்பதற்கு முன்பே அவளுடைய கூரைவீடு தீப்பிடித்து எரிந்துபோனது. வீட்டோடு தறியும், தகரப் பெட்டியில் இருந்த வீட்டுப் பத்திரமும் போயின. அடுத்த மழைக்காலத்தில் மாமாவும் காய்ச்சலில் போய்விட்டார். மண்சுவர் மழையில் கரைந்து தரையோடு தரையானது. அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, கூடத்து மூலையில் பாயும் ராட்டையுமாக இருந்தாள். அவள் வீடு மேட்டில்தான் இருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். மேட்டில் எந்த இடம் என்பதில்தான் சண்டை. வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருந்த ஒருவருக்கு மேட்டை ஒட்டி மனை இருந்தது. எங்களுக்கு அவர் 'மில்காரர்'. "உங்க வூடு அந்தாண்ட இருந்தது. ரோடு போட்டப்ப ரோட்டோட போயிடுச்சி. இந்தாண்ட எல்லாம் எங்க அப்பாரு மாடு கட்ன எடம்" என்பது அவர் பேச்சு. தெரு நாட்டாண்மைக்காரர் இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டு, "இங்கதான் குடியிருந்தேன்னு ஒரு அடையாளத்த காட்டுமா. காட்டிட்டா நான் நின்னு ஒனக்கு வேலி போட்டுத் தரேன்" என்று அத்தையிடம் சொல்லியிருந்தார். எரிந்து கரைந்த வீட்டுக்கு அடையாளம் எங்கே போவாள்?

எங்கள் வீட்டில் அவளுக்குச் சோற்றுக்குக் குறை வைத்ததில்லை. அம்மா அவளை "அண்ணி, அண்ணி" என்று மரியாதையாகத்தான் நடத்தினாள். ஆனால் அத்தை ஒருமுறை அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். "எனக்குன்னு ஒரு கதவு வோணும்மா. நான் தொறந்தா தொறக்கணும், நான் சாத்துனா சாத்தணும். வேற இன்னா கேக்குறேன்?"

ஆகவே, மேல் மண்ணை எடுத்துவிடுவார்கள் என்று கேட்டதும், இதெல்லாம் மில்காரரின் ஏற்பாடு என்று அத்தை முடிவு கட்டிவிட்டாள். தன் வீடு இருந்த மண்ணையே அள்ளிக்கொண்டு போய்விட்டால் அப்புறம் எதைக் காட்டுவாள்? மறுநாளிலிருந்து ராட்டையை விட்டுவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மேட்டின் ஓரத்துப் புளியமர நிழலில் காவல் உட்கார்ந்தாள். மத்தியானச் சோற்றைத் தூக்கில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அவள் காவலில் கண்டுபிடித்த ஒரே சங்கதி, மில்காரர் தொப்பிக்காரருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்ததும், அதை அவர் குடித்ததும். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை நான் சோறு கொண்டுபோனபோது அத்தை மரத்தடியில் இல்லை. புதிதாகத் தொடங்கிய பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள். முழங்கால் ஆழம்கூட வெட்டவில்லை. அதற்குள் ஒரு சின்னக் குழி வெளிப்பட்டிருந்தது. விளிம்பில் அரைச் செங்கற்கள் பதித்திருந்தார்கள். ஒரு ஆள் பிரஷ்ஷால் அதன் அடித்தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். மண்தரைதான், ஆனால் சிமெண்டு மாதிரி இறுகி மினுமினுத்தது. வருஷக்கணக்காகக் கால் பட்டால்தான் அப்படி ஆகும். தறிக்குழி என்று எனக்கே தெரிந்தது. அடித்தரையில் குதிகால் ஊன்றிய இடத்தில் இரண்டு பள்ளங்கள். வலது பக்கத்துப் பள்ளம் தேங்காய் மூடி அளவுக்கு ஆழம். இடது பக்கம் லேசாகத் தொட்டதுபோல ஒரு தேய்மானம், அவ்வளவுதான். என் மாமாவுக்குச் சின்ன வயதிலேயே இடது கால் சூம்பிவிட்டது, ஒற்றைக் காலால் ஊன்றித்தான் அவர் நெய்தார் என்று வீட்டில் சொல்லி எனக்குத் தெரியும். தெருவுக்கும் தெரியும்.

யாரும் தடுப்பதற்குள் அத்தை உள்ளே இறங்கிவிட்டாள். செங்கல் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு, வலது குதிகாலை அந்தப் பள்ளத்தில் வைத்தாள். தொப்பிக்காரர் கரணையும் கையுமாக அருகில் வந்து, "என்னம்மா, தெரிஞ்ச இடமா?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

அத்தை எழுந்துவிட்டாள். "ஒண்ணும் இல்ல சாமி. காலு வழுக்கிடுச்சி" என்றாள்.

இதை எழுதும்போதுகூட எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மனிதர் மில்காரரின் இளநீரைக் குடித்தவர். அவரிடம் சொன்னால் அது நேரே எங்கே போகும் என்பதில் அத்தைக்கு எள்ளளவும் ஐயம் இல்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் அம்மாவிடம் சொன்னாள். "அவுரு குழி கெடச்சிடுச்சிமா. குதிகாலு கூட அப்பிடியே இருக்குது." பிறகு இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

நாட்டாண்மைக்காரர் ஊரில் இல்லை. திருப்புட்குழியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவார் என்றார்கள். ஒரே ஒரு ராத்திரி தாண்ட வேண்டும். அத்தையால் அந்த ஒரு ராத்திரியை நம்ப முடியவில்லை. மில்காரர் ஆள் வைத்துக் கடப்பாரையால் கொத்திவிட்டால்? அதோடு எங்களுக்குள் ஒரு வழக்கமும் உண்டு. தறியில் உட்கார்ந்தவர் காலமாகிவிட்டால் அடுத்தவர் உட்காரும்வரை அவர் குழியைத் திறந்துபோட மாட்டோம். பலகை போட்டு மூடிவைப்போம். ஆள் இல்லாத குழி வாயைத் திறந்துகொண்டு கிடப்பது வீட்டுக்கு ஆகாது. தீயும் மழையும் மூடிவைத்திருந்த குழியை இன்றைக்கு எவனோ திறந்துபோட்டிருக்கிறான். பொழுது சாயும் நேரத்தில் தோண்டுகிறவர்கள் கூடாரத்தை இழுத்துக் கட்டிவிட்டுப் போனதும், அத்தையும் அம்மாவும் ஆளுக்கொரு கூடையோடு கிளம்பினார்கள். யாராவது வந்தால் இருமச் சொல்லி என்னைத் தெருமுனையில் நிறுத்தினார்கள். ஒருவரும் வரவில்லை. பக்கத்துக் குவியலிலிருந்து மண்ணை அள்ளிக் குழியை நிரப்பி, காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தி, தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் வாசல் மெழுகுவதுபோல மெழுகிவிட்டாள் அத்தை. "காலையில நாட்டாண்ம வந்ததும் நாமளே தொறந்து காட்டிக்கலாம். அதுவரைக்கும் எவன் கண்ணுலயும் படக்கூடாது" என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிட்ட மாதிரி நிம்மதியாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

காலையில் நாட்டாண்மைக்காரர் வந்தார். காப்பி குடித்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஆண்களுக்கு முன்னால் அத்தை நடந்து போனதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பள்ளம் இடுப்பளவு போயிருந்தது. தரை கோலம் போடலாம் போல ஒரே மட்டம். நாலு பக்கச் சுவரும் கத்தியால் அறுத்ததுபோல நேராக இருந்தன. அரைச் செங்கற்கள் ஓரமாகக் குவிந்து கிடந்தன. மம்முட்டியை ஊன்றிக்கொண்டு நின்ற ஆள் எங்களைப் பார்த்துச் சிரித்தான். "ரொப்புன மண்ணுமா. லேசா வந்துடுச்சி. சீக்கிரமே வேல முடிஞ்சிபோச்சி" என்றான்.

அத்தை பள்ளத்தைப் பார்த்தாள், குவியலைப் பார்த்தாள், மறுபடியும் பள்ளத்தைப் பார்த்தாள். தொப்பிக்காரர் அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கி ஓடிவந்தார். அங்கே இருந்தது அத்தை வீட்டுத் தறிக்குழி என்று அப்பா சொன்னதும் அவர் பள்ளத்துக்குள் குதித்து, ஒரு பக்கச் சுவரைக் கரணையால் சுரண்டி, அதில் வளைந்து இறங்கிய ஒரு கறுப்புப் பட்டையை விரலால் தொட்டுக் காட்டினார். "இதோ பாருங்க, குழியோட விளிம்பு. இங்கே குழி இருந்தது உண்மை. நான் சொல்றேன்." நாட்டாண்மைக்காரர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். "கறுப்பா இருக்குது சாமி. மண்ணுன்னா கறுப்பும் இருக்கும், செவப்பும் இருக்கும். குழி எல்லா வூட்லயும் இருந்துது. இவ புருஷன் காலு பட்ட தடம் இருந்தா ஊரே ஒத்துக்கும். இத வெச்சிக்கினு நான் இன்னான்னு தீர்ப்பு சொல்றது?" என்றார்.

"பாத்தியா? நான் சொன்னனா இல்லியா?" என்று அத்தை கூவினாள். "எளநி குடிச்சானே, அப்பவே சொன்னனே. மில்காரன் சொல்லித்தான் தோண்டிப்புட்டான்!" மண்ணை வாரித் தூற்றினாள். அது தொப்பியில் விழுந்தது. அவர் தட்டிவிடவில்லை.

அப்பாவைத் தனியே அழைத்துப்போய் அவர் சொன்னதை, பக்கத்தில் நின்ற நானும் கேட்டேன். "அந்தம்மா காலை வச்சுப் பார்த்தப்பவே எனக்குத் தோணுச்சு. காலையில வந்து கேட்டுக்கலாம்னு இருந்தேன். குழி நேத்து இருந்த மாதிரியே இருந்திருந்தா, நான் வராம என் ஆளுங்க தொட்டிருக்க மாட்டாங்க. யாரோ மண்ணைப் போட்டு மூடியிருக்காங்க. கலைஞ்ச மண்ணு சாட்சி சொல்லாது, அதை வாரித் தள்ளிடணும்னு நான்தான் அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். வாரின வேகத்துல தரையையும் சேர்த்து வெட்டிட்டாங்க. யாருங்க மூடினது?" அப்பா சற்றுத் தள்ளி அத்தையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடமும் என்னிடமும் தணிந்த குரலில் சொன்னார். "அக்காகிட்ட யாரும் வாய் தொறக்காதீங்க. அது அவன் மேலயே சந்தேகப்பட்டுக்கினு இருக்கட்டும்."

இருக்கவிட்டோம். தோண்டினவர்கள் பள்ளங்களை மூடிவிட்டு வெயில் காலத்துக்கு முன்பே போய்விட்டார்கள். மில்காரர் மேட்டைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் கிடங்கு கட்டினார். தெருவில் எங்கே ஜீப் சத்தம் கேட்டாலும் அத்தை அந்தத் தொப்பிக்காரரைச் சபிப்பாள். நாங்களும் "ஆமாம் அத்தை", "ஆமாம் அண்ணி" என்று கூடச் சேர்ந்து சபிப்போம். ஒரு பாவமும் அறியாத மனிதரின் பெயரை எங்கள் வீட்டில் அத்தனை வருஷம் கெடுத்தோம். அவரை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அந்தப் பழியை யார் தலையிலாவது போட்டுத்தானே ஆகவேண்டும்? அத்தை தலையில் போட எங்களுக்கு மனம் வரவில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகச் சின்ன காஞ்சிபுரம் போனவள், கால் இழுத்த பக்கமாக நடந்து மேட்டுக்குப் போனேன். கிடங்கு இல்லை, புளியமரம் இல்லை. பாவு நீட்டிய இடம் இன்னதென்று காட்ட ஆளும் இல்லை. அடுக்குமாடி கட்டப்போவதாகத் தட்டி வைத்திருந்தார்கள். பின்னால் பெரிய பள்ளத்தில் ஒரு மஞ்சள் யந்திரம் நின்றது. அதன் கழுத்தில் அதே சொல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. சொத்தைப் பல்லைச் சுரண்டும் கரண்டிக்கும், ஓட்டாஞ்சல்லியைத் துடைத்துவைத்த மனிதருக்கும், இந்த இரும்பு யானைக்கும் ஒரே பெயர் வைத்தவர்கள் யாரோ, அவர்களையும் நான் நம்பமாட்டேன். விளிம்பில் நின்று, பள்ளத்தின் சுவரில் கறுப்புப் பட்டை ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுகிற பையன் யந்திரத்தை நிறுத்திவிட்டுத் தலையை நீட்டினான். "இன்னாமா பாத்துக்கினு கீற?"

"சும்மாதான்பா."

"சும்மா யாராச்சும் குழிய வந்து பாப்பாங்களா?" என்று மேலும் கீழும் பார்த்தான். அவன் சந்தேகம் எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைதான். பிறகு, "ஓரமா நிக்காத, சரியும். மேல இருக்குறது எல்லாம் ரொப்புன மண்ணு, லேசா வந்துடும்" என்று சொல்லிவிட்டு ஒரே அள்ளில் அந்தச் சுவரை அள்ளி லாரியில் கொட்டினான்.

அந்த வார்த்தையை நடுவில் இன்னொரு முறையும் கேட்டிருக்கிறேன். அத்தை படுத்த படுக்கையாக இருந்த கடைசி நாட்களில், நான் ஊரிலிருந்து பார்க்கப் போயிருந்தேன். கஞ்சி கொடுத்துவிட்டு எழுந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, ரொப்புன மண்ணுன்னா லேசா வந்துடுமா?"

"தெரியாது அத்தை" என்றேன்.

அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். தொப்பிக்காரரைப் பார்த்த அதே பார்வை. "ஒனக்கும் தெரியாது. உங்கப்பனுக்கும் தெரியாது" என்றாள். பிறகு கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "சரி, போ. போறப்போ கதவ சாத்திட்டுப் போ."

அது எங்கள் வீட்டுக் கதவு. ஓசை வராமல் சாத்தினேன்.